பப்பாளிப் பூவுக்கு வராத பூச்சி

சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அப்படியே இருக்க வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், பப்பாளித் தோட்டத்தில் இந்தத் தடவை காய் பிடிக்கவில்லை, பதினோரு வருஷம் அதைப் பார்த்துக்கொண்ட நெட்டை மாமாவை நான் திருடன் என்று சொல்லி விரட்டிவிட்டேன்.

வேலியோரச் சர்க்கரைவள்ளிக் கொடியில் விரல் தடிமனுக்குப் புழு, வால் பக்கம் ஒரு கொம்பு வேறு, இலையெல்லாம் மொட்டை. மருந்தடிக்கச் சொன்னேன். மாமா தடுத்தார், "அக்கா, அதுதான் மண்ணுக்குள்ள போயி பருந்துப்பூச்சிங்கிற பெரிய விட்டிலா வருது, பொழுது சாயுறப்ப ஆண் மரத்துப் பூவுலயும் பெண் மரத்துப் பூவுலயும் மாறி மாறித் தேன் தேடும், அது வந்தாத்தான் நமக்குக் காய்" என்றார். புழுவுக்கு வக்கீலா நீ என்று சிரித்தேன், இரண்டு தடவை அடிக்கவும் வைத்தேன். பிறகு மரத்தில் பிஞ்சே இல்லை. மாமாதான் பிஞ்சிலேயே பறித்துத் திருட்டுத்தனமாக விற்கிறார் என்றே என் வியாபாரப் புத்தி சொன்னது, சந்தையில் எடைபோடும் இடத்தில் அத்தனை பேர் நடுவில் கேட்டுவிட்டேன். அவர் தோட்டத்துச் சாவியைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போன வாரம் மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு மரத்தில் மட்டும் பிஞ்சு பார்த்தேன், ஒவ்வொரு காம்பிலும் சிவப்பு நூல். மாமாதான் ஆண் பூவைப் பறித்து, பெண் பூவில் தன் கையாலேயே தொட்டு வைத்து, எனக்குக் காட்டத்தான் அடையாளம் கட்டியிருக்கிறார். காட்டுவதற்குள் நான் வாயைத் திறந்துவிட்டேன். நாலு நாள் அந்தி சாயும்வரை நின்று பார்த்தேன், அந்தப் பருந்துப்பூச்சி முன்பெல்லாம் பூவில் உட்காராமலே தேன்சிட்டு மாதிரி அந்தரத்தில் நின்று, உடம்பைவிட நீளமான நாக்கை நீட்டுமே, ஒன்றுகூட வரவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், அதுவே பெரிது. "பூச்சி திரும்ப வந்தாலும் வரும் அக்கா, நீங்க சொன்ன வார்த்தைதான் எங்க போயித் திரும்பும்" என்றார்.

உன் வேலையிடத்தில் யாராவது வேண்டாம் என்று தடுத்தால், சிரிக்கும் முன் ஏன் என்று ஒரு வார்த்தை கேள். பல்வலியைத் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் காட்டு. நன்றாக இரு, நிறைவாக இரு.

மாமா நாளை வருகிறார். பேசி முடித்தது இவ்வளவுதான்: சர்க்கரைவள்ளிப் பாத்தி இனி புழுவுக்கு, அதில் மருந்து கிடையாது, பூச்சி திரும்பும்வரை தினமும் அந்தியில் நானும் அவரோடு பூப் பூவாகத் தொட்டு வைக்க வேண்டும், அதற்கு முன், அதே தராசு முன்னால், அதே சத்தத்தில், அவர் திருடன் இல்லை என்று நான் சொல்ல வேண்டும்.

உன் அம்மா