அம்மணியின் வீட்டுக்காரர் திரும்பி வந்தாரா?

அன்புள்ள அப்பாவுக்கு,

அமலி எழுதுகிறேன். "நல்லா இருக்கீங்களா" என்று ஆரம்பிக்கத்தான் வாய் வருகிறது. கண்ணை மூடிய பிறகு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல் அதை எப்படிக் கேட்பது? நாங்கள் இருக்கிறோம். எனக்கு முட்டி வலி. மாடி ஏற முடியவில்லை. உங்கள் பேரன் ஜெரோமுக்கு முன்தலையில் முடி கொட்டிவிட்டது. சிரிக்கும்போது அப்படியே உங்கள் நெற்றி.

அவன் பிரான்ஸுக்குப் போய் அம்மணியின் வீட்டைத் தேடிவிட்டு வந்துவிட்டான் அப்பா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள்.

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் உங்களுக்கு நடந்ததையே உங்களிடம் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்னூர்ப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்து பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர் நீங்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தால் மூன்று வேளையும் சோறு என்றார்கள். சேர்ந்தீர்கள். ரோடு போடும், பாலம் கட்டும் பிரிவில் உங்களோடு இருந்தவர் கொடுமுடிக்காரர், சின்னசாமி மாமா. பாலைவனத்தில் இரண்டு பேரும் ஒன்றாகப் பிடிபட்டீர்கள். இத்தாலி, பிறகு நாஜிகளின் கையில், கடைசியில் பிரான்ஸில் ஒரு கைதி முகாம். ஒருநாள் விமானங்கள் வந்து அந்த முகாமின் மேலேயே குண்டு போட்டன. போட்டது நம் பக்கத்து விமானங்கள்தான் என்று பிறகுதான் தெரிந்ததாம். எத்தனையோ பேர் செத்தார்கள். இடிந்த சுவர் வழியாக உயிரோடிருந்தவர்கள் ஓடினார்கள். சுவிட்சர்லாந்து எல்லைக்குப் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். எந்தப் பக்கம் எல்லை? சூரியனைப் பார்த்து நடந்தோம் என்பீர்கள்.

சின்னசாமி மாமாவின் கணுக்காலில் கல் விழுந்திருந்தது. காட்டுக்குள்ளேயே சில நாள் அவரைத் தாங்கிக்கொண்டு நடந்தீர்கள். கால் பூசணிக்காயாக வீங்கியதும், விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு பண்ணையின் மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்து படுத்துவிட்டீர்கள். பால் கறக்க வந்தவள் உங்களைப் பார்த்தாள். கையில் வாளி. கத்தவில்லை. நீங்கள் கும்பிட்டுக்கொண்டு உங்களுக்குத் தெரிந்த மரியாதையில் சொன்னீர்கள்: "அம்மணி, பயந்துக்காதீங்க அம்மணி."

அதுதான் தன்னைக் குறிக்கும் சொல் என்று அவள் எடுத்துக்கொண்டாள். தன் நெஞ்சைத் தொட்டு "அம்மணி" என்று திரும்பச் சொல்லிச் சிரித்தாளாம். அதற்குப் பிறகு அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை உங்களுக்கு. நம் ஊரில் எல்லாரும் மகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் மட்டும் என்னை ஒருநாளும் "அம்மணி" என்று கூப்பிட்டதில்லை. "கண்ணு"தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது எனக்கு ஒரு குறை.

அவளும் வீட்டுக்காரரும் உங்களைக் கொட்டகையின் பரணில் வைக்கோலுக்குப் பின்னால் வைத்தார்கள். ரொட்டி, பால், வேகவைத்த உருளைக்கிழங்கு. அவர்களுக்கே போதாத காலம் அது. ஒரு கைக்குழந்தை வேறு. வீட்டுக்காரர் அதிகம் பேசாத ஆள். மாமாவின் காலைத் தன் மடியில் வைத்துக் கட்டுப் போட்டார். "என்ற காலை இன்னொருத்தர் மடியில வெச்சது அன்னிக்குத்தான்" என்று மாமா சொல்லுவார்.

பிறகு நாஜிச் சிப்பாய்கள் வந்தார்கள்.

இந்தப் பகுதியை நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை. மாமா கொடுமுடியிலிருந்து பஸ் ஏறி வருஷத்துக்கு ஒருமுறை நம் வீட்டுக்கு வருவார். உங்களோடு ஒரே தட்டில் சாப்பிடுவார். அது தெரிந்தால் அவருடைய ஊரில் அவரை என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு வயது வந்த பிறகுதான் புரிந்தது. அப்படி வந்த ஒருநாள், நான் நர்ஸ் படிப்பு முடித்த வருஷம், நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன்.

சிப்பாய்கள் பரணுக்கு ஏறி வைக்கோலைத் துப்பாக்கிக் கத்தியால் குத்திப் பார்த்தார்கள். மூலையை எட்டவில்லை. இறங்கிப் போகும்போது ஒருவன் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துவிட்டான். மாமாவின் காலில் கட்டியிருந்த காக்கித் துணி. அம்மணி துவைத்துப் போட்டிருந்தாள். இது யாருடையது என்று வீட்டுக்காரரை முற்றத்தில் நிறுத்தி அடித்தார்கள். பலகை இடுக்கு வழியாக நீங்கள் பார்த்தீர்கள். குழந்தை அழுதது. அவர் என்னுடையது, என்னுடையது என்பதுபோல் தன் மாரைத் தட்டிக்காட்டினார். பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம்.

"ஒரு தடவைகூட மேலே அண்ணாந்து பார்க்கலை சின்னசாமி," என்றீர்கள் நீங்கள். "மனுசன்னா தன்னையறியாமக் கண்ணு மேல போகோணுமல்ல? போகலையே."

"விடு அருளப்பா."

"நான் எறங்கியிருக்கோணும். உன்ற கை என்ற வாயைப் பொத்திப்போட்டுது."

"எறங்கி? அவரையும் சுட்டிருப்பானுங்க, அம்மணியையும் சுட்டிருப்பானுங்க, அந்தப் பச்சைக் குழந்தைய என்ன பண்ணியிருப்பானுங்களோ. எறங்குனா அத்தனை பேரும் ஒட்டுக்காப் போயிருப்போம். எறங்காததுனால அவரு ஒருத்தரு..."

வீட்டுக்காரரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. மடியில் கையை வைத்துக்கொண்டு நீங்கள் அழுததைப் பார்த்தேன். சமாதானமாக ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தெரியவில்லை அப்பா. இன்று வரை தெரியவில்லை. இறங்கியிருக்க வேண்டுமா? இறங்காமல் இருந்தது சரியா? எது செய்தாலும் தப்பாகிற ஓர் இடத்தில் மனிதனை நிறுத்திவிடுகிறார்களே, அவர்களை என்ன செய்வது?

அன்று மாலையும் அம்மணி ஏணியில் ஏறி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கையில் ரொட்டியும் பாலும். நாங்கள் போய் அவர்களிடம் சரணடைகிறோம், அவரை விட்டுவிடுவார்கள் என்று சைகையில் கெஞ்சினீர்கள். அவள் உங்கள் தோளைப் பிடித்து வைக்கோலில் உட்காரவைத்துவிட்டு, பாலைக் காட்டி, குடி என்றாள். இரண்டு நாள் கழித்து, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, மாடு மேய்க்கப் போகிறவள் போல முன்னால் நடந்து, உங்களைக் காட்டு விளிம்பில் ஒரு விறகுவெட்டியிடம் ஒப்படைத்தாள். அவர் உங்களை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டார். நீங்கள் பிழைத்தீர்கள். ஊருக்கு வந்தீர்கள், கல்யாணம் செய்தீர்கள், நாங்கள் பிறந்தோம்.

அம்மணியின் வீட்டுக்காரர் திரும்பி வந்தாரா? இது ஒன்றைத்தான் கடைசிப் படுக்கையிலும் கேட்டீர்கள். அம்மாவைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

ஜெரோம் இப்போது இங்கே ஒரு பம்பு கம்பெனியில் இருக்கிறான். கண்காட்சிக்காக ஜெர்மனி அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் லீவு போட்டு, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு பிரான்ஸுக்குப் போனான். நீங்கள் கொடுத்த அடையாளங்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். மாதா கோயில் கோபுரம் வெங்காயத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். மாடு செவலையும் வெள்ளையுமாக இருக்கும். பண்ணைக்குப் பின்னால் ஓடை.

அங்கிருந்து போன் செய்தான்.

"அம்மா, இங்க எல்லாக் கோயிலும் வெங்காயந்தானுங்கம்மா."

"மாடு?"

"அத்தனையும் செவலை வெள்ளை." என்றான். "ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கல்லு வெச்சிருக்காங்க. போருல செத்தவங்க பேரு. புடிச்சிட்டுப் போனவங்க பேரு. வாசிக்கக்கூடத் தெரியலைங்கம்மா. இதுல யாரு நம்ம ஆளு?"

ஓர் ஊர் அலுவலகத்தில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாளாம், குடும்பப் பெயர் என்ன என்று. அவனுக்கு வேறென்ன தெரியும்? "அம்மணி" என்றான். அவளும் கம்ப்யூட்டரில் அப்படியே அடித்துத் தேடிவிட்டு, இல்லை, மன்னிக்கவும் என்றாளாம்.

கிளம்புகிற நாளில் ஒரு கிழவரைப் பார்த்தான். எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். செல்போன் மொழிபெயர்த்துச் சொல்ல, இவன் பேச, அவர் பேச, அப்படி ஒரு பேச்சு. எங்கள் வீட்டிலும் இரண்டு இந்தியர்கள் இருந்தார்கள் என்றாராம் அவர். ஜெரோம் உடனே அவர்களுடைய அடையாளம் கேட்டான். ஆனால் அவர்கள் நீங்கள் இல்லை அப்பா. இரண்டு பேருமே தலைப்பாகையும் தாடியும் உள்ளவர்கள். அவருடைய அப்பாவை யாரும் பிடித்துப் போகவும் இல்லை.

பிறகு அவர் சொன்னது இது: "அந்த இரண்டு பேரும் எல்லையைத் தாண்டினார்களா இல்லையா என்று என் அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தகவலே வரவில்லை. உனக்குத் தெரியுமா?"

ஜெரோமுக்கு எப்படித் தெரியும்? "எங்க தாத்தா தாண்டிட்டாருங்க," என்றான். போன் அதை அவர் மொழியில் சொன்னது. அவர் இவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே யோசனை அப்பா. அவர் வந்தாரா என்று நீங்கள் இங்கே கேட்டுக்கொண்டே இருந்தபோது, நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்தீர்களா என்று அம்மணி அங்கே கேட்டுக்கொண்டே இருந்திருப்பாளோ? வீட்டுக்காரரைக் கொடுத்துக் காப்பாற்றிய இரண்டு உயிர் பிழைத்ததா என்றுகூடத் தெரியாமலே போயிருப்பாளோ? அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது எண்பது தாண்டியிருக்கும். எங்கேயோ ஒரு வீட்டில், என்னைப் போலவே முட்டி வலியோடு, உட்கார்ந்திருக்கலாம். அவரிடம் சொல்ல என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது?

வேறொன்றும் செய்யத் தெரியாமல், அம்மணியின் வீட்டுக்காரருக்காக ஒரு பூசை வைக்கப் போன வாரம் நம் மாதா கோயிலுக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் இளம் சாமியார் பூசைக்குப் பெயர் கேட்டார்.

"பேரு தெரியாதுங்க சாமி."

"இறந்த நாளுங்கம்மா?"

"அதுவும் தெரியாதுங்க."

"அவரு உங்களுக்கு என்ன முறை வேணும்?"

நான் யோசித்தேன் அப்பா. நம் ஊரில் இல்லாத முறையா? ஆனால் இதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"எந்த முறையும் இல்லீங்க சாமி. அவரு அன்னிக்கு ஒரு பார்வை மேல பார்த்திருந்தா, நான் பொறந்தே இருக்கமாட்டேனுங்க."

சாமியார் பேனாவை மூடி வைத்துவிட்டு, முழுவதும் சொல்லுங்கம்மா என்றார். சொன்னேன். சொல்வதைத் தவிர நமக்கு என்ன முடிகிறது?

ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. கிடைக்காது என்று தெரிந்தேதான் தருகிறேன். அடுத்த கண்காட்சிக்குப் போகும்போது ஜெரோம் விட்டுப்போன ஊர்களுக்குப் போவான். அவனுக்கு முடியாத காலத்தில் அவன் மகள் போவாள். அங்கே எந்தக் கதவைத் திறந்து எந்தக் கிழவரோ கிழவியோ வந்தாலும், யார் என்ன என்று கேட்காமல், முதலில் இதைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்: "அவங்க ரெண்டு பேரும் ஊடு போய்ச் சேர்ந்துட்டாங்க."

அந்த மனிதர் மேலே பார்க்காததால் பிறந்த,
உங்கள் மகள்
அமலி