வெட்டுக்கிளிக்குப் பந்து கொடுக்காதே

பிப்ரவரி 4
பையன்கள் எல்லாரும் போருக்குப் போய்விட்டதால் கல்லூரி மைதானம் இந்த வருஷம் எங்களுக்கு. துறைகளுக்கு இடையே கால்பந்துப் போட்டி. எங்கள் வேதியியல் அணி இன்று இயற்பியலை ஜெயித்தது. கோல் போட்டவள் புதிதாகச் சேர்ந்தவள். நீளமான கால்கள், அதனால் வெட்டுக்கிளி.

பூட்ஸைக் கழற்றும்போது கேட்டாள்: "உங்க அண்ணன் எந்தப் பக்கம் சண்டைல இருக்காரு?"

"வடக்க."

அவளுக்கு எதற்கு இது?

பிப்ரவரி 6
எழுதக்கூடாது. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன். அண்ணன் வடக்கே இல்லை. படையிலிருந்து ஓடிவந்து எங்கள் வீட்டுப் பரணில் படுத்திருக்கிறான்.

பிப்ரவரி 11
பயிற்சியின்போது மழை. வெட்டுக்கிளி என் குடைக்குள் புகுந்து வீடுவரை வந்துவிட்டாள். தண்ணீர் கேட்டாள். வேண்டாம் என்றா சொல்ல முடியும்? கொடியில் அண்ணன் சட்டை, அவள் பார்வை அதன்மேல்.

"இவ அப்பாவோடது," என்றாள் அம்மா. அப்பா செத்துப்போனதைப் போன வாரம்தான் வெட்டுக்கிளியிடம் சொல்லியிருந்தேன்!

அந்த நேரம் பார்த்து மேலே இருமல். அம்மா முகத்தில் ஈயாடவில்லை. வெட்டுக்கிளி டம்ளரை வைத்தாள். "மழை வந்தாலே எலித்தொல்லைதான், இல்லம்மா?"

பிப்ரவரி 12
எலி என்றாளே. நக்கலா? மிரட்டலா?

பிப்ரவரி 15
கேப்டனிடம் சொன்னேன். முழுசாக இல்லை. "அவ எல்லார் வீட்டு விஷயத்தையும் நோண்டுறா. யாருக்கோ சேதி போகுதுன்னு நினைக்கிறேன்."

"எனக்கும் அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சுடி," என்றாள் கேப்டன். சாயங்காலத்துக்குள் அணி முழுக்கப் பரவிவிட்டது.

பிப்ரவரி 19
கணிதத்தோடு ஆட்டம். வெட்டுக்கிளி வலது ஓரத்தில் கையைத் தூக்கியபடி ஓடிக்கொண்டே இருந்தாள். ஒருத்தியும் பந்து தரவில்லை. நானும்தான். மண்ணைக் கவ்வினோம். விளையாட்டு ஆசிரியை கத்தித் தீர்த்தார். "பத்துப் பேரா ஆடுறதுக்கு எதுக்குடி பதினோரு பேரு?"

அவள் யாரிடமும் எதுவும் கேட்காமல் போய்விட்டாள். குற்றமில்லாதவள் என்றால் கேட்டிருப்பாளே?

பிப்ரவரி 23
வந்துவிட்டார்கள். நான் தெருமுனை திரும்பும்போதே வாசலில் ராணுவ ஜீப். வேறு எங்கேயும் தேடவில்லையாம், நேராகப் பரணுக்கு ஏணி போட்டிருக்கிறார்கள். அண்ணன் என்னைப் பார்க்காமலே வண்டியில் ஏறினான்.

அவதான்! வேற யாரு? நாளைக்கு எல்லார் முன்னாடியும் அவ முடியப் புடிச்சு இழுத்துக் கேக்கல—

பிப்ரவரி 24
செருப்பை மாட்டும்போது அம்மா கையைப் பிடித்தாள்.

"யார்கிட்டயும் போய் நிக்காத. நான்தான் சொன்னேன்."

மாட்டிய செருப்பைக் கழற்றினேன்.

"இந்த மாசத்துக்குள்ள வந்தா மன்னிச்சு சமையல் வேலைல போடுறோம்னாங்க. அப்புறம் புடிச்சா சுட்டுருவாங்களாம். அவன் இறங்கி வரமாட்டேன்னான். நான் என்னடி பண்ணட்டும்?"

"சொன்னபடி செய்வாங்களாம்மா?"

அம்மா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

மார்ச் 2
வெட்டுக்கிளியைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். மைதானத்துச் சுவரில் தனியாகப் பந்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே தெரியும். உங்கம்மா மூஞ்சி வெளுத்துப்போச்சு, அதான் எலின்னேன். என் தம்பியும் எங்க வீட்டுல இப்படித்தான் ஒளிஞ்சிருந்தான்."

"இப்ப?"

"வடக்க கூட்டிட்டுப் போனாங்க. அதான் உங்க அண்ணனப் பத்திக் கேட்டேன்."

மறுபடி ஆட வா என்றேன். "யாரு கூட?" என்றாள்.

மார்ச் 9
அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இன்று கடைசி ஆட்டம். வெட்டுக்கிளி ஆடவில்லை, பார்க்க மட்டும் வந்திருந்தாள். அம்மாவும் வந்தாள், இதுவரை வந்ததே இல்லை. போய் வெட்டுக்கிளி பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் தலையைக் குனிந்து என்னவோ பேசினார்கள். என்ன பேசுகிறார்கள்? யாரைப் பற்றி? அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து என் காலருகே உருண்டு வெளியே போனது.