பிண்ணாக்கு இல்லாத செக்கு

பூதப்பாண்டி
3.6.2024

அன்புள்ள ஷிபு அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே அக்கா வீட்டில் எல்லாரும் சுகம், அவளது உடைந்த காலைத் தவிர. மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் மூன்று வாரமாம். அதுவரை அடுக்களையும் மாடும் என் தலையில். போனில் பேச வந்தால் "கடையில ஆளு நிக்குது" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுச் செசிலி தினமும் தக்கலை ஆபீசுக்கு வருகிறாள். இனி அவள்தான் நமக்குத் தபால்காரி.

அக்காவின் பசுவுக்கு நம் செக்குப் பிண்ணாக்கு ஒரு சாக்கு கொடுத்தனுப்புங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை செக்கு சுற்றுகிறது, பிண்ணாக்குக்கா பஞ்சம்?

செசிலியின் மகளுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து, வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் கொண்டுவந்த தேங்காயெண்ணெய் பாட்டிலைக் குழந்தைக்கென்று செசிலியிடம் கொடுத்து, "எங்க செக்கு எண்ணெயாக்கும், கண்ண மூடிட்டுத் தேயி மக்கா" என்று சொல்லியிருக்கிறேன். பிரஷர் மாத்திரையை மறக்க வேண்டாம்.

அன்புடன்,
ராஜபாய்

தக்கலை
5.6.2024

அன்புள்ள ராஜபாய்க்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். மாத்திரை போடுகிறேன். நேற்று சாளை மீன் குழம்பு வைத்தேன். புளி கூடிவிட்டது. முந்தாநாள் உப்பு கூடியிருந்தது. ஷிபு துபாயிலிருந்து பேசினான். பின்வாசல் முருங்கை காய்த்துக் கிடக்கிறது. மழை வரும்போல் இருக்கிறது.

பிண்ணாக்குக்கு இப்போது நல்ல கிராக்கி, எல்லாம் தீர்ந்துபோயிற்று. எப்படியாவது ஒரு சாக்கு ஏற்பாடு செய்து நாளை செசிலியிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சுந்தரராஜ்

பூதப்பாண்டி
8.6.2024

ஷிபு அப்பாவுக்கு,

சாக்கு வந்தது. பசு ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நம் பிண்ணாக்கு என்றால் தொட்டியையே நக்கும் பசு அது. சாக்கைப் புரட்டிப் பார்த்தேன். வேறொரு மில்லின் பெயர் அச்சடித்திருக்கிறது.

செக்கு வைத்திருக்கிறவர் எதற்குப் பிண்ணாக்கை வெளியே வாங்க வேண்டும்? உட்கார்ந்து யோசித்தேன். மார்ச்சுக்குப் பிறகு பின்வாசலில் நான் பிண்ணாக்கையே பார்க்கவில்லை. செக்கின் சத்தமும் மாறிப்போயிருந்தது. உங்களைப்போல அதற்கும் வயதாகிவிட்டது என்று நினைத்தேன். செக்கு சுற்றுகிறது, எண்ணெய் விற்கிறது, பிண்ணாக்கு மட்டும் இல்லை. முருங்கை, மழை, சாளை எதுவும் வேண்டாம். இதற்குப் பதில் எழுதுங்கள்.

ராஜபாய்

தக்கலை
10.6.2024

அன்புள்ள ராஜபாய்,

மாட்டிடம் மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவில்லை.

மார்ச்சில் செக்கு உலக்கையில் விரிசல் விட்டது. கொப்பரை போட்டால் பிளந்துவிடும் என்றான் மரவேலை யோவான். புது உலக்கைக்கு நல்ல வாகை மரம் வர வேண்டும் என்றான். அதுவரை சமாளிக்கலாம் என்று வெளியிலிருந்து எண்ணெயை டின்னில் வாங்கிப் பாட்டிலில் நிரப்பினேன். ஆனால் செக்கு நின்றால் வருகிறவர்கள் கேட்பார்களே. அதனால் சும்மா சுற்றவிட்டேன். வாசனைக்கு ஓரமாக நாலு கொப்பரையும் வைத்தேன். மரம் ஏப்ரலிலேயே வந்துவிட்டது. எனக்குத்தான் இது பழகிப்போய்விட்டது. வேலையும் குறைவு.

நல்ல எண்ணெய்தான் ராஜபாய், கலப்படம் கிடையாது. எண்ணெயில் பொய் இல்லை. செக்கில்தான் கொஞ்சம்.

சுந்தரராஜ்

பூதப்பாண்டி
12.6.2024

ஷிபு அப்பாவுக்கு,

கொஞ்சமா? காலையிலிருந்து சாயங்காலம் வரை வெறும் செக்கைச் சுற்றவிட்டு, கரண்டையும் கொட்டி ஊரை ஏமாற்ற உங்களால்தான் முடியும். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அந்தக் குழந்தை நினைவுக்கு வந்தது.

செசிலியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் பாட்டிலை எடுத்து என் கையில் தந்துவிட்டு, "நீங்க சொன்னதுனாலதான் தேய்ச்சேன் சேச்சி" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. அது உங்கள் எண்ணெய், ஆனால் போனது என் வாக்கு.

நடந்ததை எழுதிக் கடை வாசலில் வையுங்கள். வைக்கிறவரை நான் வர மாட்டேன். தலைக்கு எண்ணெயும் வைக்க மாட்டேன்.

ராஜபாய்

தக்கலை
18.6.2024

அன்புள்ள ராஜபாய்,

வைத்துவிட்டேன். "மார்ச் முதல் எங்கள் செக்கு வெறுமனே சுற்றியது. விற்றது வெளியில் வாங்கிய எண்ணெய். மன்னிக்கவும். பாட்டிலைத் திருப்பித் தரலாம்." நான்கு வரி எழுத ஒரு ராத்திரி ஆயிற்று.

மறுநாள் முதலில் வந்தது நம் பழைய வாடிக்கைக்காரர் சிவபிரசாத் சார். இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். "டேய் சுந்தரராஜ், தெனமும் இங்க நின்னு இந்தச் சத்தத்தக் கேட்டுட்டுதானே நடக்கப் போனேன். பேரனையும் கூட்டிட்டு வந்து காட்டினேனே டே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பத்துப் பதினைந்து பேர் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மூன்று நாள் ஒருவரும் எண்ணெய் வாங்கவில்லை. செக்கை நிறுத்திவிட்டேன். அந்த அமைதியில்தான் நான் செய்தது எனக்கே கேட்டது.

நேற்று யோவான் புது உலக்கை மாட்டினான். உடனே கொப்பரை போட்டு ஆட்டினேன். பிண்ணாக்கைச் செசிலியிடம் கொடுத்திருக்கிறேன். என் முகத்தைப் பாராமல்தான் சாக்கை வாங்கினாள். வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. உன் தலை எண்ணெய் இல்லாமல் இருப்பதுதான் நெஞ்சுக்குள் கிடந்து குத்துகிறது. மாடு என்ன சொல்கிறது என்று மட்டும் எழுது.

சுந்தரராஜ்

பூதப்பாண்டி
20.6.2024

அன்புள்ள ஷிபு அப்பாவுக்கு,

தின்றது. தொட்டியை நக்கிவிட்டுச் சாக்கையும் தின்னப் பார்த்தது. அக்கா கால்கட்டோடு சிரிக்கிறாள்.

செசிலியின் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் மாடு தின்பதை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சனிக்கிழமை நா வாறேன். எங் கண்ணு முன்னால ஆட்டட்டும்" என்றாள். நானும் அவளோடு வருகிறேன். அக்காவைச் சாயங்காலம் வரை செசிலியின் மகள் பார்த்துக்கொள்வாள்.

கொப்பரையை நாங்கள் வந்தபிறகு போடுங்கள். காலிப் பாட்டில் ஒன்றைச் செசிலியே கொண்டுவருகிறாள். முதல் எண்ணெய் அந்தக் குழந்தைக்கு. பாட்டில் நிரம்பும்வரை நான் உங்களிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அடுத்த கை எண்ணெய் என் தலைக்கு. நீங்களே வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
ராஜபாய்