சம்மட்டிக்கு எதிரே உட்கார்ந்தவனுக்கு

என் ஆசை மச்சான் ஞானமுத்துவுக்கு,

உன் மூன்றாம் மாத நினைவுப் பூசையில் வாசிக்க நாலு வார்த்தை எழுதித் தரும்படி உன் வீட்டுக்காரி, தங்கச்சி மார்த்தா கேட்டாள். மாதா கோயில் படி ஏறாத முனுசாமி எழுதியதை நம் லைன் வீட்டுச் சனமெல்லாம் கூடிக் கேட்கப் போகிறது. நீ இருந்தால் இதற்கே ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

ஐந்து வருஷம் சுரங்கத்துக்குள் நீ பாறையில் உளியைப் பிடித்தாய், நான் சம்மட்டியால் அடித்தேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒருநாள் என் அடி தப்பி உன் இரண்டு விரல்கள் நசுங்கிப்போயின. காயம் ஆறியதும் வேறு ஆளோடு போய்விடுவாய் என்றே நினைத்தேன். நீயோ நேரே வந்து என் எதிரில் உட்கார்ந்தாய். "இன்னா மச்சான், மரம் மாதிரி நிக்கிற? அடி," என்றாய்.

ஷிப்ட் முடிந்து மாரிகுப்பத்துக்கு நடக்கும்போதெல்லாம் உன்னை நச்சரிப்பேன். நாம் உடைக்கிற கல்லில் வருகிற தங்கத்தை நாம் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை, இதெல்லாம் ஒரு வாழ்க்கையா என்று. நீ சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவாய்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு எனக்குக் கீழே இறங்கவே மனம் வரவில்லை. மேஸ்திரியிடம் கெஞ்சி, மேலே இஞ்சின் கொட்டகையில் வேலை வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஏழுமலை என்று ஒருவர் சம்மட்டி வேலைக்கு வந்தார். நாற்பது வயது, நாலு பிள்ளைகள், மழையில்லாமல் நிலம் தரிசு. அவர் அடி கோணலாக விழுகிறதென்று உளி பிடிக்க யாரும் உட்காரவில்லை. எதிரில் உட்கார ஆள் கிடைக்காவிட்டால் அவரை ஊருக்கே அனுப்பிவிடுவதாக மேஸ்திரி சொல்லிவிட்டார்.

நேற்றுக் காலை நான் அவரோடு கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினேன். உளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மச்சான், அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சம்மட்டி எவ்வளவு பெரிதாக இருக்கிறது! ஒருநாள்கூடச் சொல்லவில்லையே. தினமும் பயந்துகொண்டுதான் உட்கார்ந்தாயா?

"தப்பிப்போச்சின்னா இன்னாங்க பண்றது?" என்று கேட்டார் ஏழுமலை.

"என் கையப் பாக்காதீங்க. உளியப் பாருங்க," என்றேன். என் கண்ணோ சம்மட்டியை விட்டு நகரவில்லை. ஏழெட்டு அடிக்குப் பிறகு அவர் கை நிதானத்துக்கு வந்தது. அந்த முகத்தில் தெளிவு வந்ததைப் பார்த்தபோது, இத்தனை நாள் உன்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. தன்னையே நம்பாத ஒருவனை நம்பி எதிரில் உட்கார்ந்தாயே, அது போதும் ஒரு வாழ்க்கைக்கு. தங்கத்தை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும்.

இஞ்சின் கொட்டகை வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஏழுமலையும் இங்கே பின்வரிசையில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கேட்கட்டும். நீ மறைத்த பயத்தை நான் மறைக்கப் போவதில்லை. நாளைக்கும் பயந்துகொண்டேதான் உட்காருவேன். ஆனால் உட்காருவேன், இது சத்தியம்.

மார்த்தாவுக்கு அண்ணனும்
உனக்கு மச்சானுமான
முனுசாமி