லாயிட்டிடம் இருக்கும் என் ஸ்கூட்டர் சாவி

காக்ஸ் டவுன்,
டிசம்பர் 9, செவ்வாய்.

அன்பு மகன் ஜாய்சனுக்கு,

கர்த்தர் கிருபையால் என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மருமகள் ஆஞ்சலாவும் டப்ளின் குளிரில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். ஆனால் நீ செய்தது தப்பு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பாட்டுக் குழு முழுவதும் பார்க்க, உன் சிநேகிதன் லாயிட்டை விட்டு என் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்க வைத்தாய். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்பாய், அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், முழுவதும் படி.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். நம் சபையின் கேரல் ரவுண்ட்ஸுக்கு இந்த வருஷம் வழிகாட்டுவது நான். பதினான்கு வீடுகளையும் ஒரு வாரம் உட்கார்ந்து மேப்பில் குறித்து வைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, தொட்டுத் தொட்டு நானே கற்றது. ஒன்வே என்று நான் வேறு தெருவில் திரும்பினால் அது தானே வழியை மாற்றிக்கொள்ளும் என்பது வரைக்கும் தெரியும். முன்னால் என் ஸ்கூட்டர், பின்னால் பிரகாஷின் டெம்போவில் பதினெட்டுப் பேர், கிட்டார், டிரம், கிறிஸ்மஸ் தாத்தா. வீட்டுக்கு வீடு பாட்டு, ஜெபம், கேக், பிறகு அடுத்த வீடு. பவுலின் வீடு பூட்டியிருந்ததால் ஒரு சுற்றுப் போய்விட்டு அங்கேயே திரும்பி வந்தோம். படுக்கையில் கிடக்கிற டெஸ்மண்ட் மாஸ்டர் இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு என்று கேட்டதால் அங்கே அரைமணி நேரம். இதையெல்லாம் நீ அங்கே மதியச் சாப்பாட்டோடு ஃபோன் மேப்பில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். என் படம் போட்ட வட்டம் நிற்கிறது, நகர்கிறது, வந்த தெருவுக்கே திரும்புகிறது. நீ கூப்பிட்டால் நான் எடுக்கவில்லை. ஜெபத்தின் நடுவில் யாராவது ஃபோன் எடுப்பார்களா? உடனே அம்மாவுக்கும் பெரியம்மா மாதிரி மறதி வந்துவிட்டது, வீடு தெரியாமல் அலைகிறாள் என்று முடிவுகட்டிவிட்டாய்.

லாயிட் பைக்கில் பறந்து வந்தான். ஆண்டி, பயப்படாதீங்க, நான் வந்துட்டேன், வீட்டுக்குப் போலாம் என்று என் கையைப் பிடித்தான். ஏன்டா, பாட வந்தியா, கேக்குக்கு வந்தியா என்று கேட்டேன். உங்க பையன் சொல்லிட்டான், இனிமே வண்டி வேணாம் என்று வண்டியிலிருந்த சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். இன்னா ஆண்டி, அரெஸ்ட்டா என்று பிரகாஷ் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மீதி ஐந்து வீட்டுக்கும் டெம்போவில் டிரம்முக்கும் தாத்தாவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டே வழி சொன்னேன். லாயிட்டுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் ஜாய்சனுக்கு வாக்குக் குடுத்துட்டேன், அவன் சொன்னாதான் குடுப்பேன் என்கிறான்.

உன் பயம் எனக்குத் தெரியாதா. வழி மறந்து காணாமல் போன பெரியம்மாவைத் தேடி மூன்று நாள் நீ சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்ததைப் பார்த்தவள் நான். அதனால்தான் டப்ளினுக்குக் கிளம்பும்போது நம் இருவர் ஃபோனிலும் இந்த லொகேஷனை நீ போட்டுத் தந்தபோது தடுக்கவில்லை. நானும் காலையில் எழுந்ததும் உன் வட்டத்தைத்தான் பார்க்கிறேன், அது வீட்டில் இருந்தால்தான் பல் தேய்க்கப் போவேன். மூன்று ஞாயிறாக அது கோயில் பக்கம் போகவில்லை. அதற்காக அங்குள்ள பாஸ்டரை விட்டு உன் கார் சாவியை வாங்கச் சொன்னேனா?

வருகிற சனிக்கிழமை நீலசந்திராவில் இன்னும் ஒன்பது வீடு, டெம்போ நுழையாத சந்துகள். போன வருஷம் லாயிட் எல்லாம் தெரியும் என்று மேப் போடாமல் போய் இரண்டு வீட்டை விட்டுவிட்டான். அதில் ஒன்று அன்னா வீடு, பிள்ளைகளுக்குப் புதுத்துணி போட்டு வாசலிலேயே நின்றிருக்கிறாள். இந்த வருஷம் கட்டாயம் வருவோம் என்று அவளிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் நல்ல வழியில் நடத்துவாராக. ஆஞ்சலா இருமலுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடு. இனி ஆகவேண்டியது: வெள்ளிக்கிழமைக்குள் நீ லாயிட்டைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு மறதி இல்லை, எனக்குத்தான் அவசரம் என்று உன் வாயால் சொல்லவேண்டும். சனிக்கிழமை ஐந்து மணிக்கு லாயிட் கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் சாவியை என் கையில் தரவேண்டும், வீட்டுக்கு வந்து ரகசியமாகக் கொடுத்தால் வாங்கமாட்டேன். அன்றைக்கு ரவுண்ட்ஸ் முடிகிறவரை ஆஞ்சலா உன் ஃபோனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளவேண்டும். கிளம்பும்போதும் வீடு வந்ததும் நான் மெசேஜ் போடுவேன். லொகேஷனை நான் அணைக்கமாட்டேன், நீயும் அணைக்காதே.

உன் மேல் கோபமும் பிரியமும் உள்ள அம்மா,
சோஃபியா