பன்னிரண்டாவது சீட்டு

வீட்டு எண் பத்து
வந்து சேர்ந்த நான்காம் நாள், காலை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். உடம்பு நலம்தான். மனசுதான் நான்கு நாளாகக் குமட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டீர்கள் என்று உங்கள் மகன் போனில் சொன்னார். மேற்கொண்டு கேட்டால், 'டாக்டர் பாத்துக்கறார் ஆன்ட்டி' என்று முடித்துவிட்டார். உங்களிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். தூங்குகிறீர்களாம். பகல் பதினோரு மணிக்கு நீங்கள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கொடுத்திருந்தாலும் காதுக் கருவி இல்லாமல் பாதி உங்களுக்குக் கேட்டிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த முதியோர் குடியிருப்பில் இந்த வருடம் நமக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். எட்டு மாதம் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டுக் குளிருக்கு மட்டும் வந்து தங்குகிற உங்களுக்கும் எனக்கும் 'நாலு மாசம்' என்று பெயர். வருடம் முழுக்க இங்கேயே கிடப்பவர்கள் ஏதோ நிலத்துக்குப் பட்டா வாங்கியவர்கள் போலவும், நாம் சத்திரத்துக்கு வந்தவர்கள் போலவும் பேச்சு. நான் பெட்டியை இறக்கிவைப்பதற்குள், 'பத்தாம் நம்பர் நாலு மாசம் வந்தாச்சா' என்று பல் டாக்டரம்மா என் காதுபடவே கேட்டார். வந்தாச்சு, பல்லெல்லாம் பத்திரமா என்று திருப்பிக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றி எழுதினால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். போன வருடம் நம் மேசைத் துணியில் கப்பல் மாதிரி ஒரு கறை இருந்ததே, அது அப்படியே இருக்கிறது. முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்த கண் இது. கறையைப் பார்த்தால் அதன் வயதைச் சொல்லிவிடுவேன். பல் டாக்டரம்மா சாப்பிட்டு முடித்ததும் பல் செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டுக் குலுக்குகிறார். ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கியவருக்குத் தன் பல்லை எங்கே கழுவுவது என்று தெரியவில்லை. பேங்க் மேனேஜர் புல்தரை பெஞ்சில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுகிறார். வெட்டிய நகம் அங்கேயே கிடக்கிறது. அடுத்து அதில்தான் எல்லோரும் போய் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். எனக்கு வாந்தி வராத குறை.

இதெல்லாம் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். பதறாமல் படியுங்கள்.

ஒன்பதாம் எண்ணைத் திறந்து காற்றாட வைக்கும்படி ஆபீஸ் அம்மா என்னிடம் சொன்னார். உங்கள் மாற்றுச் சாவி என்னிடம்தானே இருக்கிறது. நேற்றுக் காலை போய்த் திறந்தேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் ஐந்து பேர். யாரும் கூப்பிடவில்லை. 'சும்மா பாத்துட்டுப் போறோம்' என்று பேங்க் மேனேஜர் செருப்போடு உள்ளே வந்துவிட்டார். வந்தவர் சுவரைப் பார்த்தாரா, ஜன்னலைப் பார்த்தாரா? நேராகக் குனிந்து உங்கள் மேசைக்கு அடியில் தலையை விட்டார். பல் டாக்டரம்மா கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். தாங்கள் ஒட்டிய சீட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம்.

இந்தச் சீட்டு வழக்கம் எப்படி வந்தது என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். நமக்கு முன்னால் இங்கே இருந்த ஒருவர், படுத்த படுக்கையில், யாருக்கு என் சாமான் வேண்டுமோ பெயர் எழுதி அடியில் ஒட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குத் தூக்கிச் சுமக்கும் வேலை வேண்டாம் என்று சொன்னாராம். அவர் நல்ல மனசோடு சொன்னது. அதை இவர்கள் எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள். யாருக்காவது இரண்டு தும்மல் வந்தால் போதும், ஒரு கையில் பழமும் மறு கையில் கோந்துமாக நலம் விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். வாய் காய்ச்சலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை நாற்காலிக்கு அடியில் போய்விடுகிறது.

உங்கள் வீட்டில் பதினோரு சீட்டு எடுத்தேன். சுவர்க் கடிகாரம் பேங்க் மேனேஜருக்கு. தையல் மிஷினுக்கு இரண்டு பேர் போட்டி. உங்கள் வெந்நீர்ப் பையில் ஒரு சீட்டு. தலையணையில் ஒரு சீட்டு, அக்கா. நீங்கள் தலை வைத்துப் படுக்கிற தலையணையில். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை. பிணந்தின்னிகள் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. உயிரோடு இருக்கிற மனுஷி வீட்டில் ஏலம் போடுகிறீர்களே என்று கத்தி ஐந்து பேரையும் வெளியே தள்ளினேன். பேங்க் மேனேஜர் வாசலில் நின்றுகொண்டு, 'நாளைக்கு அடிச்சுக்கக் கூடாதுன்னுதானே ஒட்டறோம், இதுல என்ன கோபம்' என்று நிதானமாகக் கேட்டார். கதவை அவர் மூக்குக்கு நேராகச் சாத்தினேன். பதினொன்றையும் கிழித்துக் குப்பையில் போட்டேன். வீட்டைக் கூட்டித் துடைத்து, தலையணை உறையைக் கொதிக்கும் நீரில் ஊறவைத்திருக்கிறேன்.

இனி அவசரமான செய்தி. குளிர்கால வீட்டுக்கு உரியவர் பதினைந்து நாளுக்குள் வந்து குடியேறாவிட்டால் அது காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்குப் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். உடம்பு சரியில்லாதவர்கள், பிறகு வருகிறேன் என்று தங்கள் கையாலேயே எழுதி அனுப்பினால் வீட்டை நிறுத்திவைப்பார்கள். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த உடனே ஆபீசுக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். மாதக் கடைசியில் வந்தாலும் போதும். நான் பக்கத்தில் இருக்கிறேன், தூக்கிவிட, பிடித்துக்கொள்ள. நீங்கள் இல்லாமல் இந்தக் கும்பலோடு நான்கு மாதம் என்னால் ஓட்ட முடியாது.

வேளைக்கு மருந்து சாப்பிடுங்கள். ஈரத் தரையில் கால் வைக்காதீர்கள்.

உங்கள் அன்புத் தங்கை

*

வீட்டு எண் பத்து
பத்தாம் நாள், பிற்பகல்

அக்காவுக்கு,

உங்கள் மகனின் கடிதம் நேற்று கிடைத்தது. ஆபீசுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டையும் கம்ப்யூட்டரில் அழகாக அடித்து அனுப்பியிருக்கிறார். அம்மா இனி அங்கே வரமாட்டார், வீட்டை எடுத்துக்கொள்ளலாம், சாமான்களை அங்குள்ளவர்களே பகிர்ந்துகொள்ளட்டும் என்று. நீங்கள் சொன்னதை எழுதினாரா, அவராக எழுதினாரா என்று தெரியவில்லை. கடைசிப் பத்தி மட்டும் நீங்கள் சொன்னது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'ஜன்னல் ஓரத்துச் சாய்வு நாற்காலியை நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மா சொல்கிறார். அதில் ஏற்கெனவே உங்கள் பெயர் இருக்கிறதாம்.'

ஆபீசில் நின்றுகொண்டுதான் படித்தேன். அப்படியே அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆபீஸ் அம்மா தண்ணீர் கொடுத்தார்.

போன கடிதத்தில் பதினோரு சீட்டு என்று எழுதினேன். பன்னிரண்டு. ஐந்து பேரையும் விரட்டிவிட்டுக் கதவைச் சாத்திய பிறகு நாற்காலியைக் கவிழ்த்து, என் சீட்டைப் பிய்த்து, என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பிறகு வந்து உட்கார்ந்துதான் மற்றவர்களைப் பிணந்தின்னி என்று உங்களுக்கு எழுதினேன்.

எப்போது ஒட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறந்துவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். போன வருடம் நாம் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்னால் உங்களுக்குக் காய்ச்சல் வந்ததே, அன்று. பாலும் ரொட்டியும் கொண்டுவந்தேன். குடித்துவிட்டுத் தூங்கிப்போனீர்கள். ஊருக்குப் போகுமுன் என் டப்பாக்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்த நாள் அது. காகிதமும் கோந்தும் பையிலேயே இருந்தன. பேங்க் மேனேஜர் இந்த நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு நகம் வெட்டுவதை நினைத்துப் பார்த்தேன். அவருக்குப் போவதைவிட எனக்கு வரட்டும், உங்கள் நாற்காலியைக் காப்பாற்றியது போலாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சமாதானம். எனக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது, அக்கா. எட்டு மாதமும் மருமகள் வீட்டு ஹாலில் சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது வந்தால் அதிலிருந்தும் எழுந்துகொள்ள வேண்டும். எனக்கென்று ஒரு நாற்காலி இருந்ததில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் நீங்கள் இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டேதான் ஒட்டினேன். நீங்கள் போய்விடுவீர்கள் என்று கணக்குப் போட்ட கை இது. அதைக் கொண்டு இன்று சோறு பிசையவே அருவருப்பாக இருக்கிறது.

இன்னொன்று நேற்றுதான் உறைத்தது. நான் ஒட்டியது கோந்தால். அன்று நான் பிய்த்தபோது அது டேப்பால் ஒட்டியிருந்தது. நாலு பக்கமும் கத்தரித்து நேராக ஒட்டிய டேப். பஸ் டிப்போவில் டைம்கீப்பர் நாற்காலியில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்த உங்களைத் தவிர இந்தக் குடியிருப்பில் அத்தனை நேராக எதையும் யாரும் ஒட்டமாட்டார்கள். சீட்டு கழன்று கீழே விழுந்திருக்கிறது. நீங்கள் எடுத்துப் படித்திருக்கிறீர்கள். படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டிவைத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் தினமும் மாலை எனக்கு டீ போட்டுக் கொடுத்தீர்கள். வண்டி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு 'அடுத்த வருஷம் சீக்கிரம் வந்துடு' என்றீர்கள். இந்த நாற்காலியைக் கொடுப்பது அன்பால்தானா, இல்லை வைத்துக்கொண்டு திண்டாடு என்றா? எத்தனை யோசித்தும் தெரியவில்லை.

இதை உங்களிடம் மட்டும் சொன்னால் போதாது என்று இன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நின்றேன். உங்களையெல்லாம் பேசினேனே, நானும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாராவது காறித் துப்புவார்கள், நான்கு வார்த்தை கேட்பார்கள் என்று நினைத்தேன். பேங்க் மேனேஜர் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. 'நாற்காலி லாண்டரி மேடத்துக்குன்னுதான் எப்பவோ தெரியுமே, அதனாலதானே நாங்க யாரும் அதுல கை வைக்கல' என்றார். மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்கள். பல் டாக்டரம்மா தன் பக்கத்து இருக்கையைத் துடைத்து, 'இங்க வந்து உக்காருங்க' என்று என்னைக் கூப்பிட்டார். நாலு மாசம் என்று இளக்காரமாகப் பேசியவர் அத்தனை பிரியமாகக் கூப்பிட்டார். நான் சேர்ந்துவிட்டேன், அக்கா. அவர்கள் கூட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேராக ஆபீசுக்குப் போனேன். வீட்டை நிறுத்திவைக்கக் கைப்பட எழுத வேண்டும் என்றால் விட்டுக்கொடுக்கவும் கைப்பட எழுதத்தான் வேண்டும், மகன் அடித்த காகிதம் எப்படிச் செல்லும் என்று கேட்டேன். ஆபீஸ் அம்மா முதலில் மழுப்பினார். நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. கடைசியில், பதினைந்தாம் நாள் மாலை வரை ஒன்பதாம் எண்ணை யாருக்கும் தருவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

உங்கள் வீட்டுக்கு மூன்று படி. இந்த இடுப்போடு ஏற முடியாது என்றுதான் உங்கள் மகனும் பயப்படுவார், அது நியாயம்தான். என் வீட்டுக்குப் படியே இல்லை. சக்கர நாற்காலிகூட உள்ளே வரும். நீங்கள் பத்துக்கு வாருங்கள், நான் ஒன்பதுக்குப் போகிறேன். என் பங்குக்கு இன்றே கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் சாமான்களை நானே தூக்கி வந்து, நீங்கள் வைத்திருந்த மாதிரியே இங்கே வைத்துவிடுவேன். குளியலறைத் தரையில் சொரசொரப்பான மிதியடி போட்டாகிவிட்டது.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாளை மறுநாள் உங்கள் கையில் இருக்கும். உங்கள் மகனிடம் பேனாவும் காகிதமும் கேட்டு வாங்குங்கள். அவரை எழுத விடாதீர்கள், அடிக்கவும் விடாதீர்கள். படுத்துக்கொண்டே எழுதினால் எழுத்து கோணலாகத்தான் வரும், வரட்டும். என்னைத் திட்டி எழுதுங்கள். என்ன வாயில் வருகிறதோ அதை எழுதுங்கள், பக்கம் பக்கமாக எழுதுங்கள். நடுவில் எங்கேயாவது 'வருகிறேன்' என்று ஒரு வார்த்தை இருந்தால் போதும், ஆபீஸ் ஒப்புக்கொள்ளும். நான் கேட்டுவிட்டேன். திட்டு முழுவதையும் அவர்கள் படித்துப் பதிவு செய்துகொள்ளட்டும்.

இதற்குக் கீழே தங்கை என்று போட எனக்குக் கை வரவில்லை. நீங்கள் வந்து கூப்பிட்டால் அப்போது போட்டுக்கொள்கிறேன்.

பத்தாம் எண் வீட்டிலிருந்து