டொலிடோவில் இருபது நிமிடம்

ஜூலை 9, 1997. செயின்ட் லூயிஸ்

இந்தப் பாட்டு விழாவோடு ஊர் ஊராக லாரி ஓட்டுவது எனக்கு இது ஏழாவது கோடை. முதல் வருடம் நாலு லாரி. நடுவில் பதினொன்று வரை போனது. இப்போது ஆறு. பாட்டு ஒன்றும் எனக்குப் பிடிபடுவதில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவேன்.

மகள் டெஸ்ஸா போன் செய்தாள். எங்கள் ஊர் டொலிடோவில், சின்ன மேடையில் முதல் கச்சேரி அவள் பாட்டுக் குழுவுக்காம். பகல் பன்னிரண்டு மணி. இருபது நிமிடம்.

“நீ யார்கிட்டயாவது சிபாரிசு பண்ணியாப்பா?”

“என் பேச்சை லாரியே கேக்காது. மனுஷங்க கேப்பாங்களா?”

சிரித்தாள். வாய்ப்புக் கேட்டு மூன்று வருடமாக விழாக்காரர்களுக்குக் கேசட் அனுப்பிக்கொண்டிருந்தவள்.

ஜூலை 13. இண்டியானாபோலிஸ்

கூட்டம் உட்காரும் புல்வெளியில் பாதி காலி. மேடை மேலாளர் ரோண்டா சொன்னாள்: “டொலிடோவோட கடையைக் கட்டறாங்க லாயிட். மிச்ச ஊரெல்லாம் ரத்து. அடுத்த வருஷமும் கிடையாது.”

ஆக, டெஸ்ஸாவுக்கு இந்த ஒன்றுதான்.

ஜூலை 15

மழையில் சாமான் ஏற்றினோம். டொலிடோவுக்குக் கிளம்புகிறேன். சட்டையெல்லாம் சேறு, வாயெல்லாம் பல்.

ஜூலை 16. டொலிடோ

காலை ஏழுக்கு லாரிக் கதவைத் திறந்தேன். சின்ன மேடையின் மின்கேபிள் பெட்டி கதவோரம் இல்லை.

முதலில் வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். ஏழு வருடமாக ஊரெல்லாம் நான் கத்துகிற விதி. நேற்று ஏற்றும்போது நான் என்ன செய்தேன்? கூலியாட்களிடம் டெஸ்ஸாவின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தேன் — “பாஸ் கிட்டார், என் பொண்ணு!” பெட்டி உள் மூலைக்குப் போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மடையன்.

லாரி முழுவதையும் இறக்கி, பெட்டியை எடுத்து, மின்சாரம் வரும்போது பன்னிரண்டு இருபத்தைந்து.

“ஒரே ஒரு பாட்டு, ரோண்டா.”

“பன்னண்டரை அடுத்த குழுவோடது. ஒண்ணைத் தள்ளினா கடைசி வரைக்கும் எல்லாம் தள்ளும். உனக்குத் தெரியாதா?”

தெரியும். அதுதான் கொடுமை.

டெஸ்ஸா கிட்டாரைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தாள். “யாருப்பா லோட் பண்ணது?”

“நான்தான்.”

கிட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். திட்டியிருக்கலாமே? கழுதைன்னு ஒரு தடவை — அதுகூட இல்ல.

ஆகஸ்ட் 2

போன் வரவில்லை. கெட்டுவிட்டதா என்று மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 6

டெஸ்ஸா கூப்பிட்டாள். பக்கத்து ஊரில், பந்து உருட்டி விளையாடும் பவுலிங் கூடத்தில் வாசிக்கிறார்களாம். வேன் ஓட்ட ஆள் வேண்டுமாம்.

“வந்து ஏத்தியும் தரேன்மா.”

“வேணாம்பா. ஏத்தறதை நாங்க பாத்துக்கறோம். நீ ஓட்டினா போதும்.”

போனேன். பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். கூடத்தில் முதலில் இறக்க வேண்டியது டிரம்ஸ். அதை வேனின் அடி மூலையில் தள்ளி, முன்னால் மற்றதையெல்லாம் அடுக்கினார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை.